தங்கபுஷ்பம் குளித்த தண்ணீர்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அளத்தங்கரை என்கிற ஊரில் கிணறு உப்பு, போர் உப்பு, குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அதுவும் உப்பு, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அழுகிறவளின் கண்ணீர்கூட ஊர்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் தேவலை என்று பேசிக்கொள்வார்கள், அப்படிப்பட்ட ஊரில்தான் தங்கபுஷ்பம் என்கிறவள் தன் வீட்டுக் குளியலறைக்குப் பளிங்குக்கல்தான் பதிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வீடு கட்டுகிறவர்கள் பளிங்கைக் கூடத்தில் பதிப்பார்கள், வருகிறவர் போகிறவர் பார்த்து வயிறு எரியட்டும் என்று. பக்தி முற்றியவர்கள் பூஜையறையில் பதிப்பார்கள். தங்கபுஷ்பத்தின் வீட்டில் கூடம் சிமெண்டுத் தரை, அடுப்படி சிமெண்டுத் தரை, சுவர்கள் வெள்ளையைப் பார்த்துப் பல பொங்கல் ஆகிவிட்டது, அந்த வீட்டில் போய்க் குளிக்கிற இடத்துக்குப் பளிங்கா என்று தெருவே சிரித்தது. அவள் புருஷனின் அக்காள் செல்லக்கிளி மட்டும் சிரிக்கவில்லை, நேராக வந்து கேட்டாள்.

"ஏட்டி, மூளை கலங்கிட்டா ஒனக்கு? குளிக்கிற எடத்த யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் மைனி," என்றாள் தங்கபுஷ்பம். "நான் பாத்தாப் பத்தாதா?"

கல்யாணமான மறுவாரமே உப்பளத்துக்குப் போனவள் அவள். பாத்தியில் காலை நனைத்து, பலகையால் உப்பை இழுத்து, வரப்பில் அம்பாரம் கட்டி, தலையில் சுமந்து, புருஷன் இருந்தபோதும் போனாள், புருஷன் செத்த பிறகும் போனாள், மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த பிறகும் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து கொல்லையில் பழைய சேலையை நாலு கம்பில் சுற்றிக் கட்டிய மறைப்புக்குள் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, எவன் வேலியோரம் போகிறானோ என்று ஒரு கண்ணை வெளியே வைத்துக்கொண்டு, அவசர அவசரமாக நாலு செம்பு ஊற்றிக்கொள்வாள், அந்தத் தண்ணீரும் உப்பு என்பதால் துவட்டி முடிப்பதற்குள் மேலெல்லாம் மறுபடியும் வெள்ளை பூத்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் முழுசாகக் குளித்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நின்றுகொண்டு, அவசரமில்லாமல் குளிக்க வேண்டும், எதிரே வெள்ளைச் சுவர் இருக்க வேண்டும், ஆனால் அளத்து வெள்ளை மாதிரி கண்ணைக் கூசக் கூடாது. அவள் கேட்டது இவ்வளவுதான், இதற்குத்தான் தெரு அப்படிச் சிரித்தது.

மதுரையில் புறவழிச்சாலையோரம் பளிங்குக் கடை வைத்திருந்த பன்சிலால், அப்பா காலத்திலேயே ராஜஸ்தானிலிருந்து வந்து மதுரைத் தமிழ் பேசிப் பழகியவர், எத்தனையோ வாடிக்கையாளரைப் பார்த்தவர், தட்டிப் பார்க்கிறவர், தடவிப் பார்க்கிறவர், சாதகம் பார்த்து வருகிறவர், எல்லோரையும் பார்த்திருக்கிறார். ஆனால் சரித்து நிறுத்திய பலகைகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்க்கிற பெண்பிள்ளையை அன்றுதான் பார்த்தார். அளத்தில் உப்பு விளைந்துவிட்டதா என்று நாக்கால்தான் பார்ப்பது. தங்கபுஷ்பத்துக்கு எதையும் அப்படிப் பார்த்துத்தான் பழக்கம், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும்தான் அடக்கிக்கொண்டாள்.

"இது கசக்கு. இது சுண்ணாம்பு. இது பரவால்ல, ஆனா முகம் தெரியுத மாதிரி மினுக்குது, எனக்கு ஆவாது," என்று ஒதுக்கிக்கொண்டே போனவள், மூலையில் சாய்ந்து கிடந்த, பாலில் ஒரு சொட்டு மை விழுந்த மாதிரி சாம்பல் கோடு ஓடிய ஒரு வெள்ளைப் பலகையில் நாக்கை வைத்தாள், வைத்தவள் எடுக்கவில்லை. அவள் வாயில் பிறந்ததிலிருந்து இருந்த உப்புக் கரிப்பு, சோற்றிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது, சட்டென்று இல்லாமல் போயிற்று. "இதுதான்," என்றாள்.

பன்சிலால் நேர்மையான மனுஷன். "அம்மா, வேணாம்மா. உங்க ஊரு உப்புத் தண்ணிக்கு டைல்ஸ் போடுங்க, இல்ல கிரானைட் போடுங்க. மார்பிள் தண்ணியக் குடிக்கிற கல்லு. குழந்தை மாதிரி பாத்துக்கிடணும்."

"என்ன பாக்கணும்? சொல்லுங்க."

"பாலிஷ் ஏத்தக் கூடாது, வழுக்கி விழுந்துருவீங்க. பதிச்சதும் தண்ணி ஊறாம சீலர் அடிக்கணும், வருஷா வருஷம் அடிக்கணும். குளிச்சு முடிச்சதும் மேலருந்து கீழ வரைக்கும் துணியால ஈரத்தத் தொடைக்கணும், ஒரு நாள் விட்டாலும் உப்புப் படியும். ஆசிட் ஆகவே ஆகாது. எலுமிச்சம்பழம், புளி, தயிரு, வினிகரு, எதுவும் படக் கூடாது, பட்டா கல்லு வெந்துரும். அப்புறம் மஞ்சள் தேச்சுக் குளிக்கக் கூடாது, கறை போகாது."

"அத எங்க ஊரு எனக்கு ஏற்கனவே நிறுத்திட்டு," என்றாள் தங்கபுஷ்பம். புருஷன் செத்த பத்தாம் நாளிலிருந்து அவள் மஞ்சள் தொட்டதில்லை. பன்சிலால் புரிந்துகொண்டு, வண்டிக்கூலியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கல்லை ஏற்றி அனுப்பினார்.

கொத்தனார் மூன்று சுவருக்கும் தரைக்கும் கல் பதித்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்து, உச்சியில் ஷவர் மாட்டி, கழிவுக் குழாயைக் கொல்லையில் இருந்த வாழை மூட்டுக்குத் திருப்பிவிட்டுப் போனார். அந்த வாழை நட்ட நாளிலிருந்து இலை ஓரம் கருகியே நின்றது, குலை தள்ளியதில்லை. தங்கபுஷ்பம் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள், சேலையையும் பாவாடையையும் அவிழ்த்து ஆணியில் மாட்டினாள், வெறும் உடம்போடு நின்றாள், ஷவரைத் திறந்தாள். தலையில் விழுந்தது உப்புத் தண்ணீர். தோளில் இறங்கியதும் உப்புத்தான். பளிங்குச் சுவரில் முதுகைச் சாய்த்ததும் அந்தத் தண்ணீர் அவள் மேலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து அவள் மேலுக்குமாகப் போய்வந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே வரும்போது நல்ல தண்ணீராக இருந்தது. குனிந்து ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான். சரி, கல் நல்ல கல் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தேய்க்கப் போனாள்.

முடித்ததும் பன்சிலால் சொன்னபடி துணியால் துடைத்தாள், துணியில் மாவு மாதிரி மெல்லிய உப்பு ஒட்டிவந்தது, அதை உதறிச் சேர்த்து ரசத்துக்குப் போட்டாள், ரசம் நன்றாக இருந்தது.

விஷயத்தை வெளியே விட்டது அடுத்த வீட்டு எஸ்தரின் ஆடு. எஸ்தரும் அளத்தில் உப்பு வாருகிறவள், தங்கபுஷ்பத்தோடு ஒரே பாத்தியில் நின்றவள். அவளுடைய ஆடு வாழை மூட்டில் வாயை வைத்தது, வைத்தது வைத்தபடி குடித்தது, வயிறு பானையாக உப்பிய பிறகும் இழுக்க இழுக்க வரவில்லை. இந்த ஆடு கழனித் தண்ணீரையே முகர்ந்து பார்த்துத் தும்முகிற ஆடாயிற்றே என்று எஸ்தர் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், பிறகு இரண்டு கையாலும் ஏந்தி ஏந்திக் குடித்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"எக்கா! உள்ள என்ன செய்யுத?"

"குளிக்கேன், வேற என்ன செய்வேன்?"

"நிறுத்தாத! குடம் எடுத்துட்டு வாரேன்!"

அதன் பிறகு ஊர் ஆராய்ச்சியில் இறங்கியது. கோயில் கமிட்டித் தலைவர் வைகுண்டமணி அண்ணாச்சி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர், குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கல் மேல் ஊற்றிப் பார்த்தார், வந்தது உப்பு. தன் மருமகனை நிற்கவைத்துக் குளிக்கச் சொன்னார், உப்பு. வாத்தியார் சம்சாரம் தானாக முன்வந்து வாசனை சோப்போடு குளித்தாள். உப்பு, வாசனையான உப்பு. அளத்திலிருந்து நேராக வந்து எஸ்தர் குளித்தாள், நல்ல தண்ணீர். அதே அளத்து மூக்கம்மா குளித்தாள், அவள் கால் வெடிப்பில் வெள்ளை அப்பியிருந்தது. கற்கண்டு மாதிரித் தண்ணீர். அவர்கள் சோப்புப் போட்டாலும் அழுக்கு உருட்டினாலும் கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, குழாயில் தெளிவாகத்தான் வந்தது. ஆக உப்பு வாரிய பொம்பளை குளித்தால் தண்ணீர் இனிக்கும், வேறு யார் குளித்தாலும் இனிக்காது என்று ஊருக்கு விளங்கிவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை இருந்தது.

அந்த வேறு கவலை என்னவென்றால், இன்னொருத்தி குளித்த தண்ணீரை எப்படிக் குடிப்பது? முதலில் ஆட்டுக்கு என்று சொல்லி எடுத்துப் போனார்கள், ஆடு இல்லாதவர்களும் ஆட்டுக்கு என்றே சொன்னார்கள். பிறகு பூச்செடிக்கு என்றார்கள். பிறகு துணி அலச என்றார்கள், அளத்தங்கரையில் முதன்முதலாகச் சோப்பு நுரைத்தது, பிள்ளைகள் நுரையை ஊதித் தெருவெல்லாம் பறக்கவிட்டார்கள். பிறகு ஒரு வீட்டில் பருப்பு குழைய வெந்த வாசனை வந்தது, அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் வந்தது, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழை குலை தள்ளியது. குடத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "கருமம், பொம்பள குளிச்ச தண்ணி" என்று காறித் துப்பிய மகராசன்களும் உண்டு. தங்கபுஷ்பத்துக்கு இது சுருக்கென்று தைத்தது. தண்ணீர் கொடுப்பதில் அவளுக்குக் கஷ்டமில்லை, முகத்தைப் பார்க்காமல் போனதுதான் கஷ்டம்.

மறைத்துக் குடிப்பது கமிட்டிக்கும் கௌரவமாகப் படவில்லை. வைகுண்டமணி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து, செல்லக்கிளியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கபுஷ்பம், அந்தக் கல்லுல அம்மன் எறங்கியிருக்கா. அங்கன குளிக்கது பாவம். ஷவரக் கழத்திட்டு ஒரு சூலத்த நட்டுருவோம். அபிசேகம் பண்ணி வாரத தீர்த்தம்னு ஊருக்குக் குடுப்போம். நீ கொல்லையில பழையபடி மறைப்பு கட்டிக்கோ, நாங்களே புதுத் தகரம் வாங்கித் தாரோம்."

"கல்லுல மட்டும் அம்மன் எறங்கியிருந்தா நீங்க ஊத்துன குடத்துக்கு ஏன் அண்ணாச்சி தண்ணி மாறல?"

"அது சோதனை."

"அம்மனக் கும்பிட வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் கோயிலுக்கு வாரேன். அம்மன் எதுக்கு நான் குளிக்கிற எடத்துக்கு வரணும்? அவளுக்கு அங்கன தண்ணி இல்லையா? இருந்தா வரட்டும், நானும் அவளும் சேந்து குளிக்கோம். நான் வெளிய போ மாட்டேன்."

வைகுண்டமணி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பொம்பளை இல்லாத நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

நேரமும் வாய்த்தது. பேத்தியின் காதுகுத்துக்குத் தங்கபுஷ்பம் கோவில்பட்டி போனாள், சாவியைச் செல்லக்கிளியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். செல்லக்கிளிக்குச் சொத்து ஆசையோ கெட்ட எண்ணமோ கிடையாது, சாமி காரியத்துக்குச் சாவி கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவள், அவ்வளவுதான். கமிட்டி மேளத்தோடு உள்ளே நுழைந்தது. சூலம் நடுவதற்கு முன் தீட்டுப் போக வேண்டும் என்று சுவர் முழுக்க எலுமிச்சம்பழத்தை அறுத்து அறுத்துத் தேய்த்தார்கள், புளி கரைத்து ஊற்றினார்கள், குடம் குடமாகத் தயிர் ஊற்றினார்கள், மஞ்சள் காப்பிட்டார்கள், குங்குமம் அப்பினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு உருகினார்கள். பன்சிலால் ஆகாது என்று சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் பக்தியோடு செய்தார்கள். கல் சீறிச் சின்னச் சின்னக் குமிழி விட்டது, பார், அம்மன் மூச்சு விடுகிறாள் என்று குலவையிட்டார்கள்.

தங்கபுஷ்பம் திரும்பி வந்து பார்த்தபோது சுவர் வெந்து சொரசொரத்துக் கிடந்தது, மஞ்சள் திட்டுத் திட்டாக ஊறியிருந்தது. அவள் உள்ளே நின்று ஷவரைத் திறந்தாள், விழுந்ததும் உப்பு, இறங்கியதும் உப்பு, அளத்துப் பாத்தியில் நிற்கிற அதே உப்பு. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் செத்தபோது அழுததைவிடக் கூட அழுதாள், அதை அவளே பிறகு சொன்னாள், சொல்ல வெட்கப்படவில்லை.

"அம்மனுக்குக் கோவம். இன்னமும் அங்கன பொம்பள குளிச்சதால நல்ல தண்ணி நின்னுட்டு," என்று கமிட்டி சொன்னது. வருகிற வெள்ளிக்கிழமை ஷவரை உடைத்துச் சூலம் நட நாள் குறித்தது.

"அம்மனுக்குக் கோவமில்ல," என்று தங்கபுஷ்பம் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்குத்தான் கோவம். கும்பிடுதோம் கும்பிடுதோம்னு கல்லக் கொன்னு போட்டிருக்கிய."

பன்சிலாலுக்குப் போன் போட்டாள். அவர் "ஐயோ, எலுமிச்சம்பழமா? தயிருமா?" என்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது; மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னார், பொறுமையாகத் தேய்க்கச் சொன்னார், கறைக்கு ஒரு மாவு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தங்கபுஷ்பமும் எஸ்தரும் மூக்கம்மாவும் அளம் விட்டு வந்து தேய்த்தார்கள், உப்புப் பலகை பிடித்த கை தேய்க்கச் சலிக்குமா, தேய்த்துக் கழுவினார்கள், கழுவித் துடைத்தார்கள். செல்லக்கிளி வாசலில் வந்து நின்று, தானும் ஒரு தாளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் நகர்ந்து இடம் விட்டாள். சுவர் மெதுவாக மழமழத்து வந்தது. மஞ்சள் மட்டும் ஒரு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் போகாமல் நின்றது. ஆனால் வியாழக்கிழமைவரை யார் குளித்தாலும் தண்ணீர் உப்பாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மேளமும் சூலமும் கூடை எலுமிச்சம்பழமும் வந்து சேர்ந்தபோது குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"தங்கபுஷ்பம்! வெளிய வா! நேரம் போவுது!" என்றார் வைகுண்டமணி.

"குளிச்சிட்டிருக்கேன்."

"எப்ப முடியும்?"

"தெரியாது அண்ணாச்சி. கல்யாணமான நாள்லருந்து உள்ள உப்பு இருக்கு, எறங்க நேரமாவும்."

"கதவ ஒடைப்போம்!"

"ஒடைங்க. உள்ள துணியில்லாம நிக்கேன். யாரு மொதல்ல வாரிய? கமிட்டித் தலைவரா, செயலாளரா? ஏ எஸ்தரு, வாரவங்க பேரக் கேட்டு வச்சுக்க, ஊருக்குச் சொல்லணும்லா!"

செயலாளர் ஓரடி பின்னால் தள்ளி நின்றார். மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா தெரியாமல் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அளத்து வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த பெண்கள், முழங்கால்வரை வெள்ளை அப்பிய காலோடு, சும்மாடு அவிழ்க்காத தலையோடு, ஒருத்தி பின் ஒருத்தியாக வாசலிலிருந்து குளியலறைவரை வந்து நின்றார்கள், அவர்கள் முன்னால் செல்லக்கிளி, அளத்துப் பக்கமே போகாதவள், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

உள்ளே தங்கபுஷ்பம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. மறுபடி பார்த்தாள், உப்பு. பயமாக இருந்தது. கல் செத்துவிட்டால் இவர்களோடு மல்லுக்கட்டி என்ன பயன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, செத்தால் என்ன என்று தோன்றியது. இனித்தாலும் கரித்தாலும் இது நான் குளிக்கிற இடம், நான் கதவைச் சாத்தி நின்று குளிக்கிற இடம், இதற்குத்தான் கல் வாங்கினேன், ஊருக்குத் தண்ணீர் கொடுக்கவா வாங்கினேன்? அவள் முதுகை நன்றாகக் கல்லில் சாய்த்தாள், கண்ணை மூடினாள், நாக்கில் வைத்துப் பார்ப்பதை விட்டாள், மகள் பிறந்தபோது பாடிய தாலாட்டைக் கட்டைக் குரலில் எடுத்துவிட்டாள். வெளியே தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. ஊர் கேட்க அவள் பாடியது அதுதான் முதல் தடவை.

எஸ்தரின் ஆடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு, செயலாளரின் வேட்டியை உரசிக்கொண்டு கொல்லைக்குப் போயிற்று. வாழை மூட்டில் முகர்ந்தது. தும்மவில்லை. வாயை வைத்தது, வைத்தது வைத்தபடி குடித்தது.

மேளக்காரர் மேளத்தைக் கீழே இறக்கிவைத்தார், வெயிலில் அடித்து நாக்கு வறண்டுபோனவர், குனிந்து ஏந்திக் குடித்தார், நிமிர்ந்து, "அம்மா, தங்கம்!" என்றார். குடங்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை, சூலம் பிடித்திருந்தவன் கையிலும் ஒரு குடம் இருந்தது. எலுமிச்சம்பழக் கூடையைச் செல்லக்கிளி வாங்கி ஊறுகாய்க்கு என்று உள்ளே கொண்டுபோனாள்.

தங்கபுஷ்பம் நிதானமாகக் குளித்து, நிதானமாகச் சுவரைத் துடைத்து, ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

"தண்ணி எல்லாருக்கும் உண்டு," என்றாள். "நானும் குளிப்பேன், அளத்துப் பொம்பளைய எல்லாரும் மொற போட்டுக் குளிப்போம். ஆனா இனிமே ஆட்டுக்குன்னு சொல்லக் கூடாது, செடிக்குன்னு சொல்லக் கூடாது, தீர்த்தம்னும் சொல்லக் கூடாது. யாரு குளிக்காளோ அவ பேரச் சொல்லிக் கேளுங்க, மொகத்தப் பாத்துக் கேளுங்க. உள்ள இருந்தா சத்தமாக் கேளுங்க. சொன்னா ஊத்துவோம்."

அளத்தங்கரை எதற்கும் பழகிக்கொள்கிற ஊர், இதற்கும் பழகிக்கொண்டது. "இன்னைக்கு யாரு உள்ள?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், "மூக்கம்மா குளிச்ச தண்ணி ரெண்டு குடம்," "எஸ்தர் குளிச்ச தண்ணி ஒரு வாளி, காப்பிக்கு," என்று கூவுவார்கள், ருசியில்கூட வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டார்கள், பருப்புக்கு மூக்கம்மா, சோற்றுக்கு எஸ்தர் என்று. கல்யாண வீட்டுப் பந்தியில் யார் குளித்த தண்ணீர் என்று சம்பந்தி வீட்டார் பெருமையாக விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வருஷா வருஷம் சீலர் அடிக்கிற நாளில் ஊரே உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தது.

வைகுண்டமணி மட்டும் வரவில்லை. அவர் வீட்டுப் பருப்பு அந்தக் கோடை முழுக்க வேகாமல் கிடந்தது, சட்டை பழுப்பேறியது, தலைமயிர் விறைத்து நின்றது, சம்சாரம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள், அங்கே பருப்பு வெந்தது. கடைசியில் ஒரு நாள் காலை, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரு செம்போடு வந்து குளியலறைக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தார். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு செம்பு..." என்றார்.

"என்னது அண்ணாச்சி?"

வைகுண்டமணி இரண்டு பக்கமும் பார்த்தார். வாயைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முணுமுணுத்தார்.

"தண்ணி விழுத சத்தத்துல கேக்கல அண்ணாச்சி. சத்தமாச் சொல்லுங்க."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலே வரி அறிவிக்கிற அந்தக் குரலில், தெருக்கோடிவரை கேட்க, "தங்கபுஷ்பம் குளிச்ச தண்ணி ஒரு செம்பு!" என்று கத்தினார். கதவுகள் திறந்தன, ஜன்னல்கள் திறந்தன.

"இருங்க," என்றது உள்ளேயிருந்து குரல். "இன்னும் முதுகு தேய்க்கல."